தெய்வத்தின் அளவு

தருமபுரி மாவட்டத்து மாரண்டஹள்ளிக் கடைத்தெருவில் மஞ்சள் நீராட்டு விழாவுக்காகக் கட்டப்படும் பிளக்ஸ் பதாகைகளைச் சற்று நின்று பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள்: பதாகையில் பெரிதாக அச்சாகி நிற்கும் பெண்ணின் முகத்துக்கும், அதே தெருவில் தாயோடு தக்காளிக் கூடையைத் தூக்கிக்கொண்டு போகும் அந்தப் பெண்ணின் முகத்துக்கும் ஜாடை ஒன்றாக இருக்குமே தவிர நிறம் ஒன்றாக இராது. ஸ்டூடியோக்காரர் கணினியின் முன் உட்கார்ந்து, முகத்தை இரண்டு மூன்று படி வெளுக்க வைத்து, மூக்கோரத்து நிழலைத் துடைத்து, கன்னத்துப் பருவை அழித்து, கழுத்தை மட்டும் மறந்துபோய் அதன் சொந்த நிறத்திலேயே விட்டுவிட்டு, பின்னணியில் எந்த நாட்டினது என்று சொல்ல முடியாத ஒரு நீர்வீழ்ச்சியையும் ஓடவிட்டிருப்பார். இதைச் செய்யும்படி அவரிடம் யாரும் கேட்பதில்லை. கேட்காமலே செய்து கொடுப்பதுதான் தொழில் மரியாதை என்று ஆகிவிட்டது. தாய்மாமன்மார் பெயர்களும் பங்காளிகள் பெயர்களும் சூழ நடுவில் நிற்கும் அந்தச் சிறுமிக்கு, 'நீ இன்று முதல் பெரியவள்' என்று ஊரார் சொல்லும் அதே நாளில், 'ஆயினும் உன் முகம் ஊர் பார்க்கும் தகுதியுடையதன்று' என்பதும் வாய்திறவாமல் சொல்லப்பட்டுவிடுகிறது.

நாகரிக உடையலங்காரப் பத்திரிகைகள் இந்தியாவில் புதியன அல்ல. 'பெமினா' 1959 முதலும், மேல்நாட்டு 'வோக்' பத்திரிகையின் இந்தியப் பதிப்பு 2007 முதலும் வந்துகொண்டிருக்கின்றன. மாரண்டஹள்ளியின் பெட்டிக்கடைகளில் அவை தொங்கியதில்லை; வாழைப்பழத் தாரும் லாட்டரிக் காலத்து ஆணியும் தொங்குகிற இடத்தில் அவற்றுக்கு இடமுமில்லை. ஆனால் பத்திரிகை வராவிட்டாலும் பத்திரிகையின் பார்வை வந்து சேர்ந்துவிட்டது. இங்கிருந்து ரயில் ஏறினால் ராயக்கோட்டை, கெலமங்கலம் தாண்டி ஓசூர். ஓசூர்ப் பக்கத்து டாட்டா எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் கைப்பேசிக்குரிய உறுப்புகளைச் செய்கிறார்கள். எந்தப் பளபளப்பான சட்டத்துக்குள் தோன்றும் முகங்களைப் பார்த்து நம் நாட்டுப் பெண்கள் தங்களைக் குறைவாக எண்ணிக்கொள்கிறார்களோ, அந்தச் சட்டத்தையே இப்பக்கத்துக் கிராமத்துப் பெண்களின் கைகள்தாம் கடைந்து மெருகேற்றுகின்றன என்பது காலத்தின் விநோதங்களில் ஒன்று.

இதைச் சமூகக் குறை என்றோ வியாபாரத் தந்திரம் என்றோ சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். பலர் சொல்லியும் இருக்கிறார்கள். என்னை நெடுநாளாக உறுத்துவது வேறொரு கேள்வி, அது சமயத்தைச் சார்ந்தது. அழகு மிகுந்த ஓர் உருவத்தை எதிரில் நிறுத்தி அதை நோக்கி மனத்தைச் செலுத்துவது பிழையென்றால், நம் கோயில்கள் அனைத்தும் அந்தப் பிழையின்மேல் எழுந்தவையாகும். உலகத்தில் எந்தப் பெண்ணுக்கும் இல்லாத இடையும், எந்த ஆணுக்கும் இல்லாத தோளும், காதளவோடிய கண்ணுமாக நிற்கும் விக்கிரகத்தின் எதிரில், பட்டும் பூவும் சந்தனக் காப்புமாக அலங்காரம் செய்து, நாம் நம் குழந்தைகளைத் தூக்கிக் காட்டுகிறோம். வெள்ளிக்கிழமை காமாட்சியின் எதிரில் நின்ற அதே பெண் அன்றிரவு கைப்பேசியில் ஓர் அழகியின் எதிரிலும் நிற்கிறாள். இரண்டும் இவ்வுலகில் நடமாடாத அழகுகளே. முன்னதைப் பார்த்துவிட்டு நிறைந்த மனத்தோடு வீடு திரும்புகிறவள், பின்னதைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியின் எதிரில் போய் நின்று தன் கையின் தோலைத் தேய்த்துப் பார்த்துக்கொள்கிறாளே, அது ஏன்?

சுவாமிமலையில் பஞ்சலோகத் திருமேனி வார்க்கும் ஸ்தபதிகள், செய்யப்போகும் உருவத்தின் உயரத்துக்குத் தென்னங்கீற்றில் ஓர் ஓலையை நறுக்கியெடுத்து, அதைச் சிற்ப சாஸ்திரம் விதித்தபடி மடித்து மடித்து, இது முகம், இது கழுத்து, இது மார்பு, இது முழந்தாள் என்று மடிப்புகளாலேயே குறித்துக்கொள்வார்கள். எந்த அளவுகோலிலும் உள்ள அங்குலம் அவர்களுக்கு வேண்டியதில்லை. அந்தந்த உருவத்துக்கு அதனதன் முகமே அலகு. முகத்தின் நீளம் ஒரு தாலம். சிவனுக்கும் திருமாலுக்கும் உத்தம தசதாலம், அதாவது 124 பங்கு. தேவியருக்கு மத்திம தசதாலம், 120 பங்கு. மனிதருக்கு அஷ்டதாலமே போதுமென்று வைத்தார்கள். நம் முன்னோர் தெய்வத்தை அழகாகக் கற்பனை செய்தார்கள் என்பதில் வியப்பொன்றுமில்லை, எல்லா நாட்டாரும் அதைச் செய்திருக்கிறார்கள். தெய்வத்தின் அளவு வேறு, மனிதரின் அளவு வேறு என்று கணக்கெழுதிப் பிரித்து, ஒன்றை மற்றொன்றின்மேல் வைக்கலாகாது என்பதைத் தொழிலின் இலக்கணமாகவே ஆக்கி வைத்தார்களே, அதுதான் எனக்கு வியப்பு.

இப்பொழுது உடை வடிவமைப்புப் பயிலும் மாணவருக்கு முதற்பாடமாகச் சொல்லித்தரும் மனித உருவம் எப்படிப்பட்டது என்று பாருங்கள். உண்மையான மனித உடல் தன் தலையளவில் ஏறக்குறைய ஏழரை மடங்கு உயரமுடையது. உடை வரைபடத்துப் பெண்ணோ ஒன்பது தலை உயரம், சில பள்ளிகளில் பத்துத் தலைகூட. ஸ்தபதியின் அலகு முகம், வரைபடக்காரரின் அலகு முழுத் தலை என்ற வித்தியாசத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், மனிதரின் கணக்கு போய் அங்கே நவதால தசதாலக் கணக்கு வந்து உட்கார்ந்துகொண்டது தெளிவு. காகிதத்தில் வரைந்த அந்த நெடிய உருவத்துக்குப் பொருந்தத் துணி வெட்டுகிறார்கள்; அத்துணி பொருந்தும் உடம்பைத் தேடி உலகமெல்லாம் அலைந்து சிலரைப் பிடிக்கிறார்கள்; அந்தச் சிலரின் படத்திலும் போதாத குறையைக் கணினியால் நிரப்புகிறார்கள்; பிறகு அதன் கீழே ஒரு மானிடப் பெயரையும், அவள் காலையில் என்ன சாப்பிடுகிறாள் என்பதையும் அச்சடித்து, 'இவளும் உன்னைப் போல ஒரு பெண்தான்' என்று நீட்டுகிறார்கள். பொய் இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் இருக்கிறது. காமாட்சியின் இடையைப் பார்த்து எந்தப் பெண்ணும் கேழ்வரகுக் களியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்ததில்லை, ஏனென்றால் காமாட்சி தன்னைப் போல இருக்கும்படி யாரையும் அழைத்ததில்லை. அவளைப் பார்க்கப் போகிறோம் என்று நாம் வாயால் சொன்னாலும் உண்மையில் அவள் பார்வையில் படுவதற்கே போகிறோம். சிற்பியும் மற்றெல்லா வேலையும் முடிந்த பிறகே, நல்ல நேரம் பார்த்து, கண் திறக்கிறான். பத்திரிகைப் படத்துக்கும் கண் உண்டு, ஆனால் அது எதிரிலிருப்பவளைப் பார்ப்பதில்லை. எதிரிலிருப்பவள் தன்னைத்தானே அதன் கண்ணால் பார்த்துக்கொள்ளும்படி செய்கிறது.

இந்த எல்லை எப்பொழுது அழிந்தது என்று தேடினால் ஒரு நூற்றாண்டுக்கு மேல் பின்னோக்கிப் போக வேண்டியிருக்கும். 1894-இல் ராஜா ரவிவர்மா பம்பாயில் ஓர் அச்சுக்கூடம் நிறுவி, லட்சுமியையும் சரஸ்வதியையும் வண்ணப் படங்களாக வீடுதோறும் சேர்ப்பித்தார். கோயிலுக்குள் நுழைய உரிமையற்றிருந்தவர்களின் குடிசைச் சுவரிலும் தெய்வம் வந்து அமர்ந்தது என்பது அதனால் விளைந்த பெரும் நன்மை. அந்த நன்மையை நான் சிறிதும் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அந்தத் தெய்வங்கள் தாலக் கணக்கை விட்டு இறங்கி, மேல்நாட்டுச் சித்திர முறைப்படி நிழலும் ஒளியும் பெற்று, சிவந்த மேனியும் பட்டுச் சேலையுமாக, பார்த்தால் எழுந்து பேசிவிடுவார்கள் போன்ற மானிடப் பெண்களாக ஆனார்கள். அம்மனைப் பெண்ணாக எழுதப் பழகிய கை, பெண்ணை அம்மனாக எழுதுவதற்கு வெகுநாள் ஆகவில்லை. சோப்புக்காரரும் மருந்துக்காரரும் காலண்டர் அடித்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். ஒரே காகிதத்தில் மேலே தேவியும் கீழே சரக்கும். பின்பு தேவியின் இடத்தில் சினிமா நடிகை. இன்று நடிகையின் இடத்தில் பெயர் தெரியாத யாரோ ஒரு பெண்ணின் பத்து விநாடிச் சலனப்படம்.

நிற வெறியைப் பத்திரிகைகள்தாம் உண்டாக்கின என்று சொல்வோரோடு எனக்கு உடன்பாடில்லை. 'பேர் அண்ட் லவ்லி' என்ற பசை 1975-இல் கடைக்கு வந்தது. அதற்கு முன்பே ஜாதகக் கட்டோடு 'சிவந்த நிறம்' என்று எழுதிக் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் இருந்தது. சென்னையில் 2009-இல் 'கருமையும் அழகே' என்னும் பொருளில் ஓர் இயக்கம் தொடங்கி ஊக்கத்தோடு பேசியது. 2020-இல் உலகெங்கும் எழுந்த நிறபேத எதிர்ப்பின் நடுவே அந்தப் பசையும் தன் பெயரிலிருந்த 'பேர்' என்ற சொல்லைக் கழற்றிவிட்டு 'குளோ' என்று பூட்டிக்கொண்டது. டப்பாவின் பெயர் மாறியதே தவிர, பெண்பார்க்க வருகிறவர்களின் வாய் மாறவில்லை. தருமபுரி மாவட்டத்தில் இந்தப் பேச்சு வெறும் அலங்காரப் பேச்சுமன்று. பெண்சிசுக்களைக் காப்பாற்றுவதற்கென்று 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தைப் பின்னர் இம்மாவட்டத்துக்கும் நீட்டிக்க வேண்டியிருந்தது என்பதை மறந்துவிட்டு, இங்குள்ள ஒரு தாய் மகளின் நிறத்தைப் பற்றி ஏன் கவலைப்படுகிறாள் என்று சிரிக்க யாருக்கும் உரிமையில்லை. நிறம் குறைந்தால் நகை கூடும் என்பதை அவள் கண்ணாரக் கண்டிருக்கிறாள்.

சமயவாதிகள் இதற்குச் சொல்லும் மருந்து ஒன்று உண்டு, அது மிகப் பழையது: உடம்பே பொய், உடம்பே அசுத்தம், எலும்பையும் தோலையும் போட்டுக் கட்டிய இந்த மூட்டையில் எது சிவப்பு, எது கறுப்பு என்பது. சமண முனிவர்களின் நாலடியாரிலும், பட்டினத்தடிகளின் புலம்பல்களிலும் இந்தக் குரல் ஓங்கி ஒலிப்பதை அறிவோம். மணிமேகலையும் தன்னை விரும்பிய அரசகுமாரனுக்கு ஒரு நரைமூதாட்டியைக் காட்டி, அவளுடைய அங்கங்கள் ஒவ்வொன்றும் முன்னர் எதுவாக இருந்து இப்பொழுது எதுவாக ஆயிற்று என்று எடுத்துரைக்கிறாள். மோகத்தில் கண்ணிழந்த ஆடவனுக்கு இது தக்க மருந்தே. பதினாறு வயதில் தன் முகத்தை வெறுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு இதைக் கொடுத்தால் என்ன ஆகும்? அவள் உடம்பின் குற்றங்களை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லும் வேலையை விளம்பரக்காரர் ஏற்கெனவே செய்து முடித்திருக்கிறார். நாமும் போய் அந்தப் பட்டியலை நீட்டிக்கொடுத்ததாகும். வைராக்கியத்தின் பாஷையும் வியாபாரத்தின் பாஷையும் இந்த ஓரிடத்தில் மயிரிழைகூட வேறுபடுவதில்லை என்பதைக் கண்டு நான் திடுக்கிட்டிருக்கிறேன். திருமூலர் இந்த அபாயத்தை அறிந்தவர் போலும். முன்பு உடம்பை இழிவென்று எண்ணியிருந்ததாகவும், அதனுள்ளே பரம்பொருள் குடியிருப்பதைக் கண்டபின் அதைப் பேணத் தொடங்கியதாகவும் அவர் பாடி வைத்திருக்கிறார்.

மாரண்டஹள்ளியிருக்கும் இந்நாட்டுக்குப் பழம்பெயர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட நாடு. நீண்ட ஆயுளைத் தரும் நெல்லிக்கனியை அவன் தானுண்ணாமல் ஔவைக்கு ஈந்த நாடு. அந்தச் சங்க கால ஔவையும் பிற்கால ஔவையும் வேறு வேறானவர்கள் என்பர் ஆராய்ச்சியாளர். ஆனால் ஜனங்களின் மனத்தில் ஔவை ஒருத்தியே. அவள் கன்னிப் பருவத்திலேயே விநாயகரை வேண்டிக் கிழவியானாள் என்ற கதையை, இளமையைத் துச்சமாக மதித்த ஞானத்துக்கு எடுத்துக்காட்டாகப் பிரசங்கிகள் சொல்வதுண்டு. காரைக்காலம்மையார் பேய் வடிவம் வேண்டிப் பெற்றதையும் அதோடு சேர்த்துச் சொல்வார்கள். எனக்கு அந்தக் கதைகளில் ஞானத்தோடு ஒரு வழக்கும் கேட்கிறது: அழகோடும் இளமையோடும் ஒரு பெண் தன்னிச்சையாகத் தெருவில் நடக்கவும், அரசனோடு சரிசமமாகப் பேசவும், ஆண்டவனை அடையவும் இடங்கொடாத ஒரு சமூகத்தின்மேல் அந்த அம்மையார்கள் தொடுத்த வழக்கு. அதை விட்டுவிட்டு, அவர்கள் கொடுத்த விலையை மாத்திரம் போற்றுவது நியாயமாகப் படவில்லை.

இதற்கு மாறான மருந்தொன்றை வைஷ்ணவர்கள் சொல்கிறார்கள். உறையூர் மல்லனான உறங்காவில்லி, தன் மனைவி பொன்னாச்சியின் கண்ணழகில் மயங்கி, திருவரங்கத்துத் திருவிழாக் கூட்டத்தின் நடுவே அவள் கண்களில் வெயில் படாதபடி குடை பிடித்துக்கொண்டு, ஊரார் நகைப்பதையும் பொருட்படுத்தாமல் நடந்தான். அதைக் கண்ட ராமாநுஜர், 'கண்ணாவது, பீளை வடியும் குழியல்லவா?' என்று உபதேசம் செய்யவில்லை. இதனினும் அழகிய கண்ணொன்று உண்டு, வா காட்டுகிறேன் என்று சந்நிதிக்கு அழைத்துப் போய் அரங்கனின் கண்களைக் காட்டினார். வில்லி அதன்பின் ராமாநுஜருக்குச் சீடனானான். பொன்னாச்சியும் அவரை அடைந்து பரமபக்தையானாள். அவள் கண்ணழகு குறைந்துவிட்டதாகக் கதையில் ஒரு சொல்லும் இல்லை.

ஆயினும் இந்தப் பிரச்சினையின் வேருக்கே போனவர்கள் சாந்தோக்கிய உபநிஷத்தின் முனிவர்கள்தாம் என்பது என் துணிபு. ஆத்மாவை அறிய விரும்பித் தேவர்கள் சார்பில் இந்திரனும் அசுரர்கள் சார்பில் விரோசனனும் பிரஜாபதியிடம் வந்து முப்பத்திரண்டு ஆண்டு பிரமசரியம் காத்தபின், அவர் அவ்விருவரையும் ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் முகம் பார்க்கச் சொல்கிறார். பிறகு, 'நன்றாக அலங்கரித்துக்கொண்டு, நல்லாடை உடுத்து, மறுபடி பாருங்கள்' என்கிறார். பார்க்கிறார்கள், அழகாக இருக்கிறது, 'இதுவே ஆத்மா' என்கிறார் பிரஜாபதி. இருவரும் மனம் நிறைந்து புறப்படுகிறார்கள். விரோசனன் அசுரர்களிடம் போய், தேகமே போற்றத்தக்கது, தேகமே உபசரிக்கத்தக்கது என்று போதித்துவிடுகிறான். செத்த உடலுக்கும் ஆடை ஆபரணம் பூட்டும் வழக்கத்தை அந்தப் போதனையின் பயனாக உபநிஷத்து சற்றுக் கேலியோடு குறிப்பிடுகிறது. இந்திரன் பாதி வழியில் நின்றுவிடுகிறான். உடலை அலங்கரித்தால் பிம்பமும் அலங்காரமாகத் தெரிகிறது. சரி, உடல் குருடானால் பிம்பமும் குருடாகுமே, முடமானால் முடமாகுமே, இதில் எனக்கு என்ன சுகம் என்ற ஐயம் அவனைப் பிடித்துக்கொள்கிறது. சமித்தைக் கையிலேந்தித் திரும்பி வருகிறான். மொத்தம் நூற்றோராண்டு அவன் அங்கே தங்கினான் என்று கணக்குச் சொல்கிறது உபநிஷத்து. தண்ணீரில் தெரிந்த பிம்பத்தைப் பிரஜாபதி தப்பென்று முதலிலேயே தள்ளிவிடாமல், அதை நன்றாகப் பார்த்து அதன் போதாமையை மாணவனே உணரட்டும் என்று காத்திருந்தாரே, அந்தப் பொறுமையை உபதேச பரம்பரையில் வந்த எத்தனை பேர் கற்றுக்கொண்டார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. 1927-இல் களவங்கோட்டில் ஸ்ரீ நாராயண குரு சுவாமி கருவறையில் கண்ணாடியையே பிரதிஷ்டை செய்தபோது, வணங்க வந்தவன் தன் பிம்பத்தையே மூலவரின் இடத்தில் பார்த்துத் திகைத்து நிற்க நேர்ந்தது. அவர் அந்தப் பொறுமையைக் கற்றவர்.

அரசாங்கங்களும் தம்மாலான சிகிச்சையைச் செய்து பார்க்கின்றன. திருத்திய விளம்பரப் படங்களின்கீழ் 'திருத்தப்பட்ட படம்' என்று அச்சிட வேண்டுமென்று பிரான்சில் 2017 முதல் சட்டம் இருக்கிறது. நார்வேயும் அவ்வழியே சென்றது. பயன் சிறிதிருக்கலாம். ஆனால் இது பொய்யென்று தெரிந்தால் மயக்கம் தீர்ந்துவிடும் என்பது எல்லாப் பிரமைகளுக்கும் பொருந்தாது என்று நம் வேதாந்திகள் எப்பொழுதோ கண்டுகொண்டார்கள். கயிற்றில் தோன்றிய பாம்பு, கயிறென்று அறிந்த அக்கணமே மறையும். செம்பரத்தையின் அருகில் வைத்த பளிங்கோ, அது வெண்மையானது என்று நூறு தடவை அறிந்த பின்னும் சிவப்பாகவே தோன்றும். பூ அங்கிருக்குமட்டும் அந்தச் சிவப்பு போகாது. சைவ சித்தாந்திகள் இதே பளிங்கை உயிருக்கு உவமையாக்கி, உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் இயல்புடையது என்றார்கள். படங்கள் திருத்தப்பட்டவை என்பது இந்தத் தலைமுறைக்குத் தெரியாததன்று. திருத்தும் செயலியே அவர்கள் கையில் இருக்கிறது. தெரிந்தும் வாடுகிறார்கள். தங்கள் உடலைப் பற்றி மனம் குன்றியிருந்த வேளையில் இன்ஸ்டாகிராம் அதை இன்னும் குன்றச் செய்ததாகப் பதின்வயதுப் பெண்களில் ஏறக்குறைய மூன்றிலொருவர் கூறியதை அந்நிறுவனத்தாரின் உள்ளாராய்ச்சியே குறித்து வைத்திருந்ததும், 2021-இல் அது வெளிப்பட்டதும் பத்திரிகை படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். பையன்களும் இதற்கு விலக்கல்லர். உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்த மூன்றாம் மாதமே மாவுப்பொடி டப்பாவுக்குக் காசு கேட்டு நிற்கும் பிள்ளைகளைத் தகப்பன்மார் அறிவார்கள்.

ஆகவே பளிங்கைத் துடைப்பதில் பயனில்லை, பக்கத்தில் எதை வைக்கிறோம் என்பதே விசாரிக்கத்தக்கது. கைப்பேசியைப் பிடுங்கி வைப்பது சுலபமன்று. பிடுங்கினாலும் உயிர் எதையாவது சார்ந்துதான் நிற்கும். அதன் பக்கத்தில் முதலில் நின்றவர்கள் நாமே. விடுமுறைக்கு வந்த பிள்ளை வாசற்படி ஏறும்போதே, 'என்ன கண்ணு, இப்படிக் கறுத்துட்ட?' என்று அன்பின் மிகுதியால் கேட்கும் அத்தைக்கு அது ஒரு தீர்ப்பு என்பது தெரியாது. 'வெயில்ல போகாதே' என்று பாட்டி சொல்வது உடல் நலம் கருதி என்று யாரும் எடுத்துக்கொள்வதும் இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரிச் சீமையில் திரௌபதி அம்மன் கோயில்தோறும் நாட்கணக்கில் பாரதம் நடக்கிறது. பகலில் பிரசங்கம், இரவில் கூத்து, முடிவில் துரியோதனன் படுகளம், தீமிதி. கறுத்த மேனியினள் என்பதாலேயே கிருஷ்ணை என்று பெயர் பெற்றவள் அந்தக் கதாநாயகி. பாரத தேசத்து அரசர்களெல்லாம் வில்லோடு வந்து நின்றது அந்தக் கறுத்த பெண்ணுக்காக. காலண்டரிலும் தொலைக்காட்சித் தொடரிலும் அவளை வெளுத்துவிட்டார்கள். பந்தலில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு அவள் நிறம் தெரியாது. சுயம்வரச் சருக்கத்தன்று பிரசங்கியார் வில்லின் கனத்தையும் மச்சத்தின் சுழற்சியையும் ஒரு மணி நேரம் வர்ணிக்கிறார். அதில் கால் மணியை எடுத்து அவள் மேனிக்குச் செலவிட அவருக்குச் சாமர்த்தியமும் உண்டு, பிரமாணமும் உண்டு. கேட்டுக்கொள்ள வேண்டியவர்கள் அவரை அழைத்து வரும் விழாக் குழுவினர்.